நியூட்ரோபில் குறைந்தால் புற்றுநோய் கூடுமா?

கேள்வி: என் அம்மாவுக்கு 58 வயது. மார்பகப் புற்றுநோய்க்குச் சத்திரசிகிச்சை முடிந்து, மகரகம அபேக்ஷா வைத்தியசாலையில் கீமோ நடக்கிறது. ஹேர்-2 பொசிட்டிவ் என்று சொல்லியிருக்கிறார்கள். சிவப்பு மருந்து நான்கு சுற்று முடிந்ததும் டிராஸ்டுசுமாப் தொடங்குமாம். மூன்றாவது சுற்றுக்குப் போன அன்று எஃப்.பி.சி. (முழுக் குருதி எண்ணிக்கை) அறிக்கையில் நியூட்ரோபில் 1.1 என்று இருந்ததால், ஒரு வாரம் கழித்து வரச் சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். ரொறன்ரோவில் இருக்கும் அண்ணா, வெளிநாட்டுத் தனியார் கிளினிக் ஒன்றில் இயற்கைக் கொல்லிக் கலங்களை வளர்த்து ஏற்றுகிறார்களாம், காசு அனுப்புகிறேன், அம்மாவைக் கூட்டிக்கொண்டு போ என்கிறார். மாமி அன்னமுன்னா இலை அவித்துக் கொடுக்கிறார். புற்றுநோயை அழிப்பது வெண்குருதிக் கலங்கள் என்றால், அவற்றையே கொல்லும் மருந்தை ஏன் ஏற்றுகிறார்கள்? அவற்றைக் கூட்டினால் போதாதா?
— ஒரு மகள், கிருலப்பனை

அன்பின் சகோதரி,

உங்கள் கேள்விக்கு வருமுன், நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அதுதான் அவசரம். கொழும்பில் வாழும் நமக்குக் காய்ச்சல் என்றதும் டெங்குதான் ஞாபகத்துக்கு வரும். பனடோல் கொடுத்து, இளநீர் குடிக்க வைத்து, மூன்றாம் நாள் எஃப்.பி.சி. எடுத்துப் பிளேட்லெட் பார்க்கலாம் என்று காத்திருப்பது இங்கே எல்லா வீடுகளிலும் பழகிப்போன ஒழுங்கு. அம்மாவின் விடயத்தில் அந்த ஒழுங்கை மறந்துவிடுங்கள். கீமோ ஏற்றியவருக்கு 38 பாகை செல்சியஸுக்கு மேல் காய்ச்சல் வந்தால், இரவு 2 மணியானாலும் உடனே வைத்தியசாலைக்குப் போகவேண்டும். வாகனம் கிடைக்காவிட்டால் 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழையுங்கள். அதற்குக் கட்டணம் இல்லை. பெரும்பாலான மருந்துகளில், கீமோ ஏற்றிய 7ஆம் நாளுக்கும் 14ஆம் நாளுக்கும் இடையில்தான் நியூட்ரோபில், அதாவது பற்றீரியாவை விழுங்கும் வெண்குருதிக் கலம், அடிமட்டத்துக்கு இறங்கும். அது 0.5க்குக் கீழே இருக்கும் வேளையில் பற்றீரியா குருதிக்குள் நுழைந்தால், சில மணித்தியாலங்களில் நிலைமை கைமீறிவிடலாம். சீழ் என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி இறந்துபோன நியூட்ரோபில்கள்தான். அவை குறைந்தவருக்குப் புண் சரியாகச் சிவக்காது, சீழும் பிடிக்காது. பார்க்க ஒன்றுமே இல்லாததுபோல இருக்கும். பல வேளைகளில் காய்ச்சல் ஒன்றுதான் அடையாளம். அதையும் பனடோல் கொடுத்து இறக்கிவிட்டால் வைத்தியருக்குப் பிடித்துக்கொள்ள எதுவும் மிஞ்சாது.

இனி அந்த 1.1. ஒரு நியூட்ரோபில் குருதியில் உயிரோடிருப்பது மிகக் குறுகிய காலம், ஏறக்குறைய ஒரு நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதனால் நம் என்பு மச்சை நாளொன்றுக்குப் பத்தாயிரம் கோடி அளவில் புதியவற்றை உண்டாக்கிக்கொண்டே இருக்கிறது. வேகமாகப் பிரியும் கலங்களைக் கீமோ தாக்கும்போது இந்த உற்பத்தி தடைப்படுவதும், அறிக்கையில் முதலில் நியூட்ரோபில் சரிவதும் எதிர்பார்த்த காரியம். மச்சை மூச்சு விட்டுக்கொள்ள ஒரு வாரம் கொடுத்தார்கள். நாள்தோறும் நடக்கும் சாதாரண முடிவு அது. நியூட்ரோபில் இறங்கியதால் அம்மாவின் புற்றுநோய் ஏறிவிடாது.

"அவற்றைக் கூட்டினால் போதாதா?" என்று கேட்டிருக்கிறீர்கள். நல்ல கேள்வி. இந்தத் துறையில் இருப்பவர்கள் நூறு ஆண்டுக்கு மேலாக இதே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பாடசாலைப் புத்தகங்கள் வெண்குருதிக் கலங்களைப் போர்வீரர்களாக வரைந்து நமக்குப் பழக்கிவிட்டன. 1863இல் ருடோல்ஃப் விர்ஹோ என்ற ஜேர்மானிய நோயியல் அறிஞர் புற்றுநோய்க் கட்டிகளுக்குள் இந்தக் கலங்கள் குவிந்திருப்பதைக் கண்டு, நாட்பட்ட அழற்சி உள்ள இடத்தில்தான் புற்றுநோய் முளைக்கிறதோ என்று ஐயப்பட்டார். பின்வந்த பலர் அந்த ஐயத்தைக் கிடப்பில் போட்டுவிட்டு, அவை கட்டியோடு சண்டை போட வந்தவை என்றே நெடுங்காலம் நம்பினார்கள்.

அவற்றில் ஒரு பகுதி சண்டை போடத்தான் வருகிறது. மறு பகுதி கட்டிக்கு வேலை செய்கிறது. இதைப் புரிந்துகொள்ள, கையில் ஒரு வெட்டுக்காயம் பட்டால் என்ன நடக்கிறதென்று பாருங்கள். முதலில் நியூட்ரோபில்கள் வந்து பற்றீரியாவை விழுங்கிச் சாகின்றன. பிறகு வருபவை மக்ரோபேஜ்கள். பெரிய கலங்கள், எதையும் தின்னக்கூடியவை. இறந்ததைத் தின்று துப்புரவாக்குவதோடு இவை நிற்பதில்லை. புதிய குருதிக்குழாய்களை வரவழைக்கின்றன, கலங்கள் பெருகுவதற்கான சமிக்ஞைகளைச் சுரக்கின்றன, நார் பின்னத் தூண்டுகின்றன, அழற்சி போதும் என்று மற்றக் கலங்களை அடக்கவும் செய்கின்றன. காயத்தில் இந்த வேலை சில வாரங்களில் முடிந்துவிடும். 1986இல் அமெரிக்க நோயியல் அறிஞர் ஹரல்ட் டுவோராக், கட்டிகள் ஆறாத காயங்கள் என்று எழுதினார். காயம் கொடுக்கும் அதே இரசாயன அழைப்பைக் கட்டியும் கொடுக்கிறது, மக்ரோபேஜும் அதே வேலையைச் செய்கிறது, ஆனால் வேலை முடிவதே இல்லை. குருதிக்குழாய் வருகிறது, கட்டிக்கு உணவு கிடைக்கிறது. சுற்றியுள்ள இழையம் இளகுகிறது, புற்றுநோய்க் கலத்துக்கு வெளியேற வழி திறக்கிறது. அழற்சியை அடக்கும் அதே கை, புற்றுநோயைத் தாக்க வந்த ரி கலங்கள் என்ற வெண்குருதிக் கலங்களையும் அடக்கிவிடுகிறது.

சில மார்பகக் கட்டிகளின் திணிவில் பாதி வரை மக்ரோபேஜ்கள் இருக்கின்றன. பாதி! அவற்றை அழைக்கும் சமிக்ஞைகளில் ஒன்றான சி.எஸ்.எஃப்-1 இல்லாமல் பிறந்த சுண்டெலிகளை நியூயோர்க்கில் ஆராய்ந்து 2001இல் வெளியிட்டார்கள். அந்த எலிகளுக்கும் மார்பகக் கட்டி வந்தது. ஆனால் அது முற்றுவதும் சுவாசப்பைக்குப் பரவுவதும் வெகுவாகத் தாமதப்பட்டன. இதைத் தெரிந்துகொண்ட பிறகு "வெண்குருதிக் கலங்களைக் கூட்டும்" என்ற விளம்பரத்தைப் பார்க்கும்போது, எந்தக் கலத்தை, எந்தப் பக்கத்துக்கு என்று கேட்கத் தோன்றுகிறது அல்லவா?

விர்ஹோவின் ஐயம் சரி என்பதற்குச் சான்று தேடி நாம் பேர்லினுக்குப் போகவேண்டியதில்லை. புறக்கோட்டையில் வெற்றிலைக் கூறு விற்கும் எந்தக் கடையடியிலும் நின்று பார்க்கலாம். இலங்கையில் ஆண்களிடம் அதிகம் காணப்படும் புற்றுநோய் வாய்ப்புற்றுநோய். பாக்கில் உள்ள இரசாயனங்கள் கலங்களை நேரடியாகச் சேதப்படுத்துகின்றன. அதோடு, கன்னத்தின் உட்புறம் ஆண்டுக்கணக்காக உரசி எரிந்து அழன்றுகொண்டே இருக்கிறது. ஆற்ற வரும் கலங்கள் போவதே இல்லை. புகையிலை சேராத பாக்குக்கும் புற்றுநோய் உண்டாக்கும் குணம் உண்டென்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் வகைப்படுத்திவிட்டது. "நான் புகையிலை போடுவதில்லை டொக்டர்" என்பவர்களுக்காகவே இதைச் சொல்கிறேன். ஹெப்பற்றைற்றிஸ் பி வைரசால் ஈரலிலும், ஹெலிகோபக்டர் பற்றீரியாவால் இரைப்பையிலும் நடப்பது இதே கதைதான்.

அப்படியானால் அழற்சியைத் தணித்துவிட்டால் முடிந்ததா? அதையும் பார்த்துவிட்டார்கள். மாரடைப்பு வந்த 10,061 பேரிடம் கனகினுமாப் என்ற அழற்சி தணிக்கும் மருந்தை இதயத்துக்காகப் பரிசோதித்த பெரிய ஆய்வு 2017இல் வெளிவந்தது. மருந்து பெற்றவர்களிடம் சுவாசப்பைப் புற்றுநோய் குறைவாகக் காணப்பட்டது. உலகமே எழுந்து உட்கார்ந்தது. பிறகு, ஏற்கெனவே சுவாசப்பைப் புற்றுநோய் உள்ளவர்களுக்கு அதே மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். எதிர்பார்த்த பலன் இல்லை. முளைக்கும் காலத்தில் உதவக்கூடியது முளைத்த பின்னும் உதவும் என்றில்லை.

இனி நல்ல பக்கம். அண்ணா சொல்லும் இயற்கைக் கொல்லிக் கலங்கள் உண்மையானவை. 1975இல் ஸ்ரொக்ஹோமில் ஓர் ஆய்வுக் குழுவும் அமெரிக்காவில் இன்னொரு குழுவும் அவற்றை அடையாளம் கண்டன. நம் உடலின் ஆரோக்கியமான கலங்கள் தம் மேற்பரப்பில் ஒருவகைப் புரதத்தைக் காட்டிக்கொண்டிருக்கும். ரி கலங்களின் கண்ணில் படாமல் இருக்கப் பல புற்றுநோய்க் கலங்கள் அந்தப் புரதத்தை மறைத்துவிடுகின்றன. மறைத்ததையே குற்றமாகப் பிடிப்பது இயற்கைக் கொல்லிக் கலத்தின் வேலை. இந்த நகரத்தில் சோதனைச் சாவடிகளைக் கடந்து வாழ்ந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை: அடையாள அட்டை காட்டாதவரை மடக்குவது போலத்தான். (சாவடிகளைவிட இவை ஆளை மாற்றிப் பிடிப்பது குறைவு.) சிக்கல் என்னவென்றால், திண்மக் கட்டிகளுக்குள் இவை குறைவாகவே நுழைகின்றன, நுழைந்தவற்றையும் கட்டியின் சூழல் மந்தமாக்கிவிடுகிறது.

டென்ட்ரிற்றிக் கலங்கள் என்று இன்னொரு வகை உண்டு. நோயின் துணுக்குகளைப் பொறுக்கி எடுத்து நிணநீர்க் கணுவுக்குக் கொண்டுபோய், இதைத் தாக்கு என்று ரி கலங்களுக்குக் காட்டிக்கொடுப்பவை. 1973இல் இவற்றைக் கண்டறிந்த ரால்ஃப் ஸ்ரைன்மனுக்கே பின்னாளில் கணையப் புற்றுநோய் வந்தது. தன் கலங்களிலிருந்தே செய்த தடுப்பூசிகளைத் தன்மீது பரிசோதித்தார். 2011இல் அவருக்கு நொபெல் பரிசு அறிவிக்கப்பட்டபோது அவர் இறந்து மூன்று நாளாகியிருந்தது, பரிசுக் குழுவுக்கு அது தெரியாது. இந்த வழியில் வந்த புரொஸ்டேட் புற்றுநோய்ச் சிகிச்சை ஒன்றை 2010இல் அமெரிக்கா அனுமதித்தது. அது நீட்டித்த ஆயுள் சராசரியாக நான்கு மாதம் அளவு. அந்தக் குடும்பங்களுக்கு நான்கு மாதம் பெரிது, ஆனால் கிளினிக் விளம்பரங்களின் தொனிக்கும் இதற்கும் நெடுந்தூரம்.

இப்போது உங்கள் முதல் கேள்வி, கீமோ ஏன். சத்திரசிகிச்சை கட்டியை எடுத்துவிட்டது. ஸ்கேனுக்குத் தெரியாத அளவில் உடலில் சிதறிய கலங்கள் இருக்கலாம், கீமோ அவற்றுக்கானது. அம்மாவுக்கு ஏற்றும் சிவப்பு மருந்து டொக்ஸோரூபிசின். அது வெறுமனே கலத்தைக் கொல்வதில்லை. கொல்லும் விதத்தில் ஒரு விசேடம் இருக்கிறது. 2007இல் பாரிஸ் ஆய்வாளர்கள் காட்டினார்கள்: இந்த வகை மருந்தால் சாகும் புற்றுநோய்க் கலம், வழக்கமாக உள்ளே இருக்கும் கல்ரெற்றிகியுலின் என்ற புரதத்தை வெளியே தள்ளுகிறது. அதைக் கண்டதும் டென்ட்ரிற்றிக் கலங்கள் வந்து இறந்ததைத் தின்று, துணுக்குகளை ரி கலங்களுக்குக் காட்டுகின்றன. எலிகளில் இது தெளிவாகத் தெரிகிறது. மனிதரில் எவ்வளவு தூரம் என்பது ஆளுக்கு ஆள் மாறும். நியூட்ரோபிலைக் குறைத்த அதே மருந்து, இன்னொரு கதவால் நிர்ப்பீடனத்தை அழைத்துக்கொண்டும் வருகிறது.

நான் மிக முக்கியமாகக் கருதுவது அடுத்த மருந்தை. டிராஸ்டுசுமாப் ஒரு பிறபொருளெதிரி. ஆங்கில வை எழுத்தின் வடிவம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு கைகளும் புற்றுநோய்க் கலத்தின் மேலுள்ள ஹேர்-2 புரதத்தைப் பற்றிப் பெருக்கச் சமிக்ஞையைத் தடுக்கின்றன. வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் வால், இயற்கைக் கொல்லிக் கலங்களுக்கும் மக்ரோபேஜ்களுக்கும் ஒரு பிடி. அதைப் பற்றிக்கொண்டு கொல்லிக் கலம் நஞ்சைச் செலுத்துகிறது, மக்ரோபேஜ் விழுங்குகிறது. வாலைப் பற்றும் வாங்கிப் புரதம் இல்லாத எலிகளில் இந்த மருந்து தன் பலத்தின் பெரும்பகுதியை இழந்துவிட்டது என்று 2000ஆம் ஆண்டு ஆய்வு ஒன்று காட்டியது. கட்டிக்கு வேலை செய்யக்கூடிய அதே மக்ரோபேஜுக்கு, இதைத் தின் என்று குறிகாட்டிக் கொடுக்கும் மருந்து இது. ஆகவே அண்ணாவிடம் சொல்லுங்கள்: இயற்கைக் கொல்லிக் கலங்களைப் பயன்படுத்தும் சிகிச்சைதான் வேண்டுமென்றால், அது ஹைலெவல் வீதியில் 138 பஸ் போகும் தூரத்தில் அம்மாவுக்குக் காத்திருக்கிறது. பல்லாயிரம் பெண்களிடம் பரிசோதித்து, ஆயுளைக் கூட்டும் என்று நிறுவப்பட்டது.

அந்தக் கிளினிக்கைப் பற்றி நேராகவே பேசுகிறேன். கொல்லிக் கலங்களை வெளியே வளர்த்து ஏற்றும் ஆராய்ச்சி மோசடி இல்லை. 2020இல் ஹூஸ்ரனில், தொப்புள்கொடிக் குருதியிலிருந்து எடுத்து மரபணு மாற்றிய கொல்லிக் கலங்களை 11 பேருக்கு ஏற்றியதில் 8 பேரிடம் நோய் பின்வாங்கியது. ஆனால் அவை லிம்போமா, லுகீமியா போன்ற நோய்கள். மார்பகப் புற்றுநோய்க்கு இப்படி ஒரு சிகிச்சையை அமெரிக்க எஃப்.டி.ஏ.யோ ஐரோப்பிய மருந்து முகவரகமோ அனுமதிக்கவில்லை. ஆய்வுகூடத்தில் அழகாக வேலை செய்வது கட்டிலில் கிடக்கும் நோயாளியிடம் தோற்பது இந்தத் துறையில் புதிதல்ல. "என்னைத் தின்னாதே" என்று மக்ரோபேஜுக்குப் புற்றுநோய்க் கலம் காட்டும் சிடி47 சமிக்ஞையைத் தடுக்கும் மக்ரோலிமாப் என்ற மருந்துமீது எத்தனை நம்பிக்கை வைத்தார்கள்! குருதிப் புற்றுநோயில் அதன் பெரிய பரிசோதனைகள் 2023-24இல் பலனின்றி நிறுத்தப்பட்டன. பெரிய நிறுவனம், முறையான ஆய்வு, அதற்கே இந்தக் கதி. காசு வாங்கிக்கொண்டு ஏற்றும் இடத்தில் தோல்வியை எண்ணுபவர் யார்? அண்ணா அவர்களிடம் கேட்கட்டும்: இது பதிவுசெய்த மருத்துவப் பரிசோதனையா, ஆமென்றால் ஏன் நோயாளியிடம் கட்டணம் வாங்குகிறீர்கள், எங்கள் அம்மாவின் நோய் உள்ள எத்தனை பேருக்கு என்ன நடந்தது, எங்கே வெளியிட்டிருக்கிறீர்கள்? பதிலாக நன்றிக் கடித வீடியோக்கள் வந்தால் விளங்கிக்கொள்ளுங்கள். அதைவிட, அங்கே போவதற்காகக் கீமோ இன்னும் இரண்டு மூன்று வாரம் தள்ளிப்போவதுதான் எனக்குப் பெரிய கவலை.

உள்ளார்ந்த நிர்ப்பீடனத்தை, அதாவது பிறவியிலேயே உள்ள எதிர்ப்புச் சக்தியை, தூண்டிவிட்டுப் புற்றுநோயை வெல்வது ஓரிடத்தில் உண்மையாகவே நடக்கிறது, அதையும் மறைக்கக்கூடாது. உங்கள் தோளுக்குக் கீழே, பிறந்தவுடன் போட்ட பி.சி.ஜி. ஊசியின் தழும்பு இருக்கும். அதே பி.சி.ஜி.யைச் சிறுநீர்ப்பைக்குள் வாரம் ஒருமுறை, ஆறு வாரம் செலுத்தினால், தசைக்குள் இறங்காத சிறுநீர்ப்பைப் புற்றுநோய் திரும்ப வருவது குறைகிறது. கனடாவில் அல்வாரோ மொராலெஸ் 1976இல் இதை வெளியிட்டார், இன்றும் இது வழக்கிலுள்ள சிகிச்சை. உயிருள்ள பற்றீரியாவைக் கண்டு நியூட்ரோபில், மக்ரோபேஜ், கொல்லிக் கலம் எல்லாம் சிறுநீர்ப்பைச் சுவருக்கு ஓடி வருகின்றன. கட்டி மேலோட்டமாக இருப்பதும், மருந்து நேரே அதன்மேல் படுவதும்தான் இதன் பலம். மார்பகத்துக்கு இது பொருந்தாது. யாராவது உறவினர் இதைக் காட்டி வாதாடினால் உங்களுக்குத் தெரிந்திருக்கட்டும் என்று சொன்னேன்.

அன்னமுன்னா இலை வேண்டாம். மாமியின் அன்பை மறுக்காமல் கசாயத்தை மட்டும் மறுக்க ஒரு வழி: "டொக்டர் கீமோ முடியும்வரை நிறுத்தச் சொன்னார்" என்று என் தலையில் போடுங்கள். அவித்த இலைச் சாறு கீமோ மருந்தோடு ஈரலில் எப்படி மோதும் என்று சரியாகத் தெரியாது. மாமி முட்டை அவித்துக் கொடுக்கட்டும், பருப்பும் மீனும் சமைத்துக் கொடுக்கட்டும். மச்சைக்குப் புரதம் வேண்டும்.

அடுத்த முறை கிளினிக்குக்குப் போகும்போது சில காரியங்களைக் கேட்டு வையுங்கள். நியூட்ரோபில் மறுபடியும் பிந்தினால் ஜி-சி.எஸ்.எஃப். ஊசி போடுவார்களா என்று கேளுங்கள். மச்சையை நியூட்ரோபில் உண்டாக்கத் தூண்டும் ஊசி அது. தொற்றைத் தடுக்கவும் கீமோவை நேரத்துக்கு ஏற்றவும்தான் கொடுப்பது. புற்றுநோயைத் தின்ன வைப்பதற்காகக் கொடுப்பதில்லை. எலிகளில் சில கட்டிகள் இதே சமிக்ஞையைச் சுரந்து நியூட்ரோபில்களைத் தம் பக்கம் இழுப்பதாக இணையத்தில் படித்துவிட்டு, வைத்தியர் எழுதினால் மறுத்துவிடாதீர்கள். நோயாளிகளில் அது முப்பது ஆண்டுக்கு மேலாகப் பயன்பட்டு வருகிறது. எலும்பு வலிக்கும், அதற்கு மாத்திரை உண்டு. டிராஸ்டுசுமாப் இதயத்தைச் சற்றுப் பலவீனப்படுத்தக்கூடும் என்பதால், தொடங்குமுன் எக்கோ எடுக்கவேண்டும், பிறகும் ஏறக்குறைய மூன்று மாதத்துக்கு ஒருமுறை. சிவப்பு மருந்துக்கும் அதே குணம் இருப்பதால் இதை விட்டுவிடக்கூடாது. எக்கோவுக்கு நாள் கிடைக்கத் தாமதமானால் அண்ணா அனுப்பும் காசில் வெளியில் எடுத்துவிடுங்கள். நல்ல டிஜிட்டல் வெப்பமானி ஒன்றும் வாங்குங்கள். கீமோ நாட்களில் அம்மாவை நெரிசல் பஸ்ஸில் ஏற்றாமல் முச்சக்கர வண்டியில் கூட்டிக்கொண்டு போங்கள். காய்ச்சல் வந்தால் இரவில் யாரை அழைப்பது, எந்த வாட்டுக்குப் போவது என்று தாதியிடம் கேட்டு, கிளினிக் புத்தகத்தின் முன் அட்டையிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.